திரையின் வலது ஓரம்

டமார்!

மேஜையிலிருந்து லேப்டாப் தரையில் விழுந்த சத்தம். இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. கதை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். இது நடந்தது. நான் அந்த அறையில் இருந்தேன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அதற்காக நான் யார் காலிலும் விழப்போவதில்லை.

அப்போது காலை மணி பத்து இருபது. வெளியே நல்ல வெயில். பதினோரு மணிக்கு அக்காவுக்கும் மாமாவுக்கும் வீடியோவில் நேர்காணல். குழந்தை தத்துக் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசுவார். மூன்று வருடக் காத்திருப்பு. தேறினால் அடுத்த மாதம் கையில் குழந்தை. தவறினால் அவ்வளவுதான். அதன்பிறகு அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"உங்களை யாரு அந்த வயர் மேல கால் வைக்கச் சொன்னது?" அக்கா மாமாவைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் எங்கடி வெச்சேன்? அதுவா விழுந்துச்சு."

"ஆமா, அதுக்குக் கால் முளைச்சு நடந்து போய் விழுந்துச்சு!"

பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. துணைக்கு இருக்கட்டும் என்று அக்கா வரச்சொல்லியிருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். திரை முழுக்க மை கொட்டியது போல் கறுப்பு. ஆனால் உள்ளே விசிறி சுற்றியது. கேமராவும் சரியாக இருந்தது.

"உயிர் இருக்குக்கா. முகம்தான் போச்சு."

ஃபோனில் பேசக்கூடாது, இருவரும் சேர்ந்து தெரிய வேண்டும், கேமரா ஆடக்கூடாது என்று அந்த அலுவலகத்தில் ஆயிரம் கண்டிப்பு. கூடத்துச் சுவரில் பதிமூன்று வருடப் பழைய டிவி ஒன்று மாட்டியிருந்தது. அதையே திரையாக்கிவிடலாம் என்றேன்.

"அந்தக் கிழவன் இன்னும் வேலை செய்யுறானா, மாப்ள?" என்றார் மாமா.

கேபிளைச் செருகினேன். நீலத் திரை. 'சிக்னல் இல்லை'. ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. டிவியின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தி அழுத்தி, கேபிள் செருகிய இடத்துக்குக் கொண்டுவந்தேன். படம் வந்தது. ஆனால் வெறும் பின்னணிப் படம்தான். டிவியை இரண்டாவது திரையாக எடுத்துக்கொண்டு, லேப்டாப் எல்லாவற்றையும் செத்துப்போன திரையிலேயே வைத்திருந்தது. கண்ணைக் கட்டிவிட்டது போல விசைகளைத் தடவித் தடவி அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் எல்லாம் டிவிக்கு வந்து சேர்ந்தன.

ஒரே ஒரு குறை. பழைய டிவிகளுக்கே உள்ள வியாதி. படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிவிடும். அதைச் சரிசெய்ய மெனுவுக்குள் போகவேண்டும்.

"போதும்டா, முகம் தெரியுதில்ல?" என்றாள் அக்கா. மணி பத்து ஐம்பத்தெட்டு.

டிவிக்குக் கீழே ஸ்டூலில் லேப்டாப். எதிரே சோஃபாவில் இருவரும். நான் கேமராவில் படாமல் டிவியை ஒட்டிக் குந்திக்கொண்டேன்.

சரியாகப் பதினொன்றுக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சிரித்த முகம். திரையின் வலது மேல்மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் எங்கள் கூடம் தெரிந்தது. அதில் அக்கா இருந்தாள். மாமா பாதி இருந்தார். மாமாவின் தோளோடு படம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

பத்து நிமிடம் அருமையாகப் போனது. அக்கா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். மாமா மட்டும் இடையிடையே வலது கையை உதறிக்கொண்டார்.

"என்னங்க?" அக்கா கிசுகிசுத்தாள்.

"கை மரத்துப்போச்சு."

அப்போதுதான் அதிகாரி கேட்டார்.

"பக்கத்துல யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "என் தம்பி மேடம். டிவி மாட்ட வந்தான்."

"விளையாடாதீங்க."

அக்காவுக்குச் சிரிப்பு நின்றது.

டிவி ஸ்பீக்கர் இரைந்தது. ஸ்ஸ்ஸ்ஸ்... அதிகாரி என்னவோ கேட்டார். எங்களிடம் அல்ல. அவர் பார்வை ஓரமாகப் போயிருந்தது. உதடு அசைந்தது. காத்திருந்தார். யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

அவர் முகம் மாறியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில் என்ன இருக்கிறது? பக்கவாட்டுப் பட்டனாலேயே மெனுவுக்குள் போய் அழுத்தினேன். படம் விரிந்தது. மறுபடி அழுத்தினேன். படம் நசுங்கியது. மறுபடி...

முழுப்படம் வந்தது.

மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை.

ஏழெட்டு வயது இருக்கும். தலைமுடி ஈரம். உடம்பில் துணி இல்லை... ஒரு வெள்ளைத் துவாலை மட்டும் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரித் துவாலை. மாமாவின் வலது சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது.

சோஃபாவைத் திரும்பிப் பார்த்தேன்.

மாமாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

மாமாவின் விரல் மட்டும் வெளுத்திருந்தது.

மறுபடி டிவியைப் பார்த்தேன்.

அது இப்போது என்னைப் பார்த்தது.

கேமராவில் படாத என்னை...

நீலம். 'சிக்னல் இல்லை'.

மணி பதினொன்று பதினான்கு.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"அந்தப் பொண்ணுக்கு உங்க மூக்குங்க."

மாமா தரையைப் பார்த்தார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி குறைப்பிரசவத்துல நான் மயக்கமாக் கிடந்தேன். முழிச்சதும் என்ன சொன்னீங்க? உருவமே இல்ல, வெறும் ரத்தக்கட்டின்னு சொன்னீங்க."

"நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"உயிரோட இருந்துச்சா?"

மாமா தலையசைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்." என்றார் மாமா. "பிழைக்காதுன்னு சொன்னாங்க. நீங்களே பாத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"தூக்கினீங்களா?"

"விரலைத்தான்... அது என் விரலைப் பிடிச்சுச்சு. விடுவிச்சுக்கிட்டு வந்தேன்."

அக்கா அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. ஒரே வீடுதான், ஒரே சமையல்தான். பகல் முழுக்க அந்த நீலத் திரையைப் போட்டுவிட்டு சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது அந்தக் குழந்தை இருந்த பக்கம் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறாள். மாமாவின் வலது சுட்டுவிரல் மடங்குவதில்லை. டாக்டர்கள் ஏதேதோ பெயர் சொல்கிறார்கள்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. வீட்டில் இருக்கும் குழந்தையை மறைத்தார்கள் என்று காரணம். எனக்கு மனசு ஆறவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் அந்த அதிகாரிக்கு ஃபோன் போட்டேன். வீட்டில் குழந்தையே கிடையாது, நேரில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் கண்ணால பாத்தேன், தம்பி. பேசவே செஞ்சேன்" என்றார்.

"என்ன பேசினீங்க, மேடம்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேர் என்னம்மான்னு கேட்டேன். 'இன்னும் வைக்கல... எப்ப வைப்பாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?'ன்னு கேட்டுச்சு."