கூப்பாடு போடாத பனையேறி

உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்தான் யோசுவா பனையடிக்கு வருவான். முருக்குத்தடியை ஏணியாக மரத்தில் சாய்ப்பான். கால்களில் தளைநாரை மாட்டுவான். இடுப்பில் கட்டிய பெட்டிக்குள் பாளை சீவும் அரிவாளும் பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பும் டொக் டொக் என்று முட்டிக்கொள்ள மேலே போய்விடுவான். கூப்பாடு மட்டும் போடமாட்டான்.

இது சின்னக் குற்றம் இல்லை. பனை உச்சியில் இருப்பவனுக்கு அக்கம்பக்கத்து வளவெல்லாம் தெரியும். ஓலை மறைப்புக்குள் குளிக்கிற பெண்பிள்ளைகளும் தெரிவார்கள். அதனால் பாறசாலைக்குத் தெற்கே எந்தப் பனையேறியும் மரத்தடியில் நின்று தன் பேரைச் சொல்லி, "இன்னான் கேறுதேய்ய்!" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிட்ட பிறகுதான் தடியில் கால் வைப்பான். கூப்பிடாமல் ஏறுகிறவன் ஒன்று போக்கிரியாக இருக்க வேண்டும், அல்லது செத்தவனாக இருக்க வேண்டும்.

யோசுவா போக்கிரி இல்லை.

அவன் செத்தது ஐம்பத்துநாலாம் வருஷம் ஆடி மாசக் கடைசியில். ஊர் தமிழுக்கா மலையாளத்துக்கா என்ற எல்லைப் போராட்டம் எரிந்துகொண்டிருந்தது. ஊரே எந்தப் பக்கம் என்று தெரியாத காலத்தில், ஓர் ஆள் எந்தப் பக்கம் என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஊர்வலம் போனது, துப்பாக்கி வெடித்தது, கூட்டம் சிதறியது. ரோட்டோரத்தில் ரத்தம் தோய்ந்த அரிவாள்பெட்டி ஒன்று கிடந்தது. மூடியில் யோசுவா சூடுபோட்ட சிலுவைக்குறி. பனையேறி எதை இரவல் கொடுத்தாலும் பெட்டியைக் கொடுக்கமாட்டான். அடுத்தவன் கை பட்டால் பாளை வற்றிப்போகும் என்பது தொழில் சட்டம். பெட்டி கிடந்தால் ஆள் கிடந்த மாதிரிதான். உடம்பு கிடைக்கவில்லை. சபையில் பேரை வாசித்து ஜெபித்துவிட்டார்கள்.

யோசுவாவோ அப்போது வெள்ளறடை மலையில் கூலிக்கு மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். பனைக்காலம் முடிந்ததுதானே என்று, சட்டத்தை மீறி, களியக்காவிளைக்கு அப்பாலிருந்த தங்கப்பனுக்குப் பெட்டியை இரவல் கொடுத்திருந்தான். தங்கப்பன் இடக்கைக்காரன். அவனுடைய பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. அவன் ஏறுகிற மரங்களில் இரண்டு இன்னும் சுரந்துகொண்டிருந்தன.

பத்து நாள் கழித்து வீட்டுக்குள் நுழைந்தவனைக் கண்டு பெண்டாட்டி புஷ்பபாய் அலறத்தான் வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். பாதம் தரையில் பாவியிருந்தது. சட்டென்று கதவைச் சாத்தினாள்.

மூலையில் அரிசி மூட்டை இருந்தது.

"எல்லைக் கமிட்டிக்காரவிய தந்ததாக்கும். செத்தவனுக்க வீட்டுக்குச் சனிக்கிழமை தோறும் ஆறு பக்கா அரிசி, ஒரு பக்கா பயறு. எனக்கு வெள்ளை முண்டு வேற."

"எட்டி, நான் சாவல்லியே!"

"மெதுவாப் பேசும் ஓய். முப்பது பனை கேறி எறங்கி நீரு கொண்டுவந்தது என்னது? காலுல தழும்பு, சட்டியில மரச்சீனி. இப்பம் பாரும், ரெண்டு நேரமும் நெல்லுச்சோறு. உமக்க உயிருக்கு இல்லாத மதிப்பு உமக்க சாவுக்கு உண்டும்."

யோசுவா தன் சாவுச்சோற்றில் கை வைத்தான். முதல் உருண்டை விக்கியது. இரண்டாம் உருண்டை விக்கவில்லை.

கமிட்டியார் கழுவிக் கொடுத்த பெட்டி சுவரில் தொங்கியது. இடுப்பில் உரசாதபடி அதன் கயிற்றில் யாரோ நீலத் துணி சுற்றியிருந்தார்கள். யார் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கப்பன் பயந்துபோய்ப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான் என்று வைத்துக்கொண்டான். எவளையோ கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டான் என்று அவனுடைய ஊரிலும் பேச்சு.

ஆறு மாசம் விறகுப்புரைக்குள் செத்துக் கிடந்தான். மாசியில் பனைகள் பாளை விட்டன. கீற்று இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்துக் கை நமைத்தது. தூக்கத்தில் கால்கள் இரண்டும், தளைநார் மாட்டியதுபோல, தாமாக ஒட்டிக்கொண்டன.

"பாளை வந்த பனையச் சீவாம விட்டா அது கெடந்து கூப்பிடுதுட்டி."

"செத்தவனுக்குக் காது கேக்காது. சும்மா கெடயும்."

கிடக்க முடியவில்லை. உச்சிநேரம் மாடன் நடக்கிற நேரம். ஊரில் ஒரு கோழிக்குஞ்சு வெளியே வராது. அந்த நேரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டான்.

மரங்கள் கிருஷ்ணன்குட்டியுடையவை. ஒரு நாள் இறக்கும் அக்கானி, அதாவது பதநீர், மரத்துக்காரருக்கு, மறுநாள் இறக்குவது ஏறுகிறவனுக்கு. யோசுவா செத்தும் முறை தப்பவில்லை. அவருடைய நாளில் நிறைகலயம் பனந்தூரில் காத்திருக்கும். மனுஷர் வெலவெலத்துப்போனார். "ஜீவனோட இருந்தப்ப இவன் அக்கானியில வெள்ளம் சேத்துவான். செத்தப்பம் எந்தொரு சத்தியம்!" என்றார். அதன்பிறகு பனந்தூரில் வெற்றிலையும் சுருட்டும் ஒரு சீப்புப் பழமும் இருக்கும்.

கமிட்டி அரிசி, பேய்க்குப் படைத்த பழம், தன் முறை அக்கானி. உயிரோடிருந்தபோது இத்தனை வரும்படியை யோசுவா கண்டதில்லை. ஆனால் ஒரு நாள், அவன் உச்சியில் இருக்கும்போதே கிருஷ்ணன்குட்டி படையல் வைக்க வந்தார். கைகூப்பி அண்ணாந்து பார்த்தார். அவர் கண்கள் அவன் முகத்தில் நிற்காமல், அவனுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் ஆகாயத்துக்குப் போயின. கூட வந்த நாயும் குரைக்கவில்லை. அன்றிலிருந்து யோசுவா இறங்கியதும் நிழலைத் தேடுவான். உச்சிநேரத்து நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பான், மறு காலைத் தூக்கிப் பார்ப்பான். திருப்தி வராது.

பங்குனியில் ஒரு நாள் பாதி மரத்தில் நின்றவனுக்கு எதிர்ப்பனையிலிருந்து கேட்டது: டொக் டொக். பெட்டிக்குள் அரிவாள் முட்டுகிற ஓசை. அது சுரப்பற்றுப்போன மரம், எவரும் ஏறுவதில்லை. கூப்பாடு கேட்கவில்லை. ஆளையும் காணவில்லை. யோசுவா இறங்கி, அந்த மரத்தில் ஏறினான். உச்சியில் ஒரே ஒரு பாளை, அப்போதுதான் சீவியது. நுனியில் துளி திரண்டு நின்றது. சீவின சாய்வைப் பார்த்தான். வலக்கைக்காரன் எவனாலும் அப்படிச் சீவ முடியாது.

"எலே, தங்கப்பா..." என்றான். காற்றே இல்லை. ஓலைகள் மட்டும் ஒருமுறை உரசிக்கொண்டன.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் தங்கப்பனின் பெண்டாட்டி விமலகுமாரி வந்தாள். யோசுவா விறகுப்புரைக்குள் பதுங்கினான்.

"அக்கச்சி, அந்தப் பெட்டிய ஒருக்கப் பாக்கட்டா? எங்க வீட்டு ஆளு பாறசாலைப் பக்கம் யாருக்கோ பெட்டி திருப்பிக் குடுக்கணும்ணு வெடி வெச்ச அண்ணு காலத்த எறங்கினாவ. பின்னே வரல்ல."

விமலகுமாரி சுவரருகே போய் நீலத் துணியை விரலால் தடவினாள்.

"இது எனக்க முண்டுக்க கரையாக்கும். நானே கிழிச்சுச் சுத்தினது."

"நீலத் துணி உலகத்துல ஒண்ணுதானா பிள்ளே?" என்றாள் புஷ்பபாய்.

"கமிட்டியில கேட்டேன். செத்தவிய தாளுல பேரு இல்லண்ணுட்டாவ. அரிசி போனாப் போட்டு, அக்கச்சி. எவளையோ கூட்டிட்டு ஓடினாண்ணு ஊரு சிரிக்கிது. அப்படி இல்லண்ணு ஒரு ஆளு சொன்னா மதி, போரும். உனக்கு உடுக்க வெள்ளை உண்டு. எனக்குப் பொட்டு வைக்கவும் பேடி, அழிக்கவும் பயம்." வாசலில் திரும்பி நின்றாள். "நாளைக்குக் கமிட்டி வாத்தியாரு இஞ்ச வருவாருல்லா? இன்னொருக்கக் கேக்கியேன்."

அவள் போனதும் புஷ்பபாய் விறகுப்புரைக் கதவில் வாயை வைத்தாள். "வாயத் தொறந்தீரோ, சோறும் போவும், என்னையும் கள்ளிண்ணு விளிப்பாவ. கேட்டீரா?"

உள்ளேயிருந்து, "பெட்டியத் திருப்பித் தரத்தானே வந்திருக்கான், எட்டி" என்று மட்டும் கேட்டது.

சனிக்கிழமை, காலை பத்து மணி. பனைகளுக்கு எதிரே சபைச்சுவர் நிழலில் கமிட்டி வாத்தியார் ஜெயதாஸ் அரிசி அளந்துகொண்டிருந்தார். புஷ்பபாய் ஓலைக் கடவத்தோடு முன்னால் நின்றாள். விமலகுமாரி வரிசையின் கடைசியில் நின்றாள். வாத்தியார் தாளைப் பார்த்து வாசித்தார்: "மரிச்சுப்போன யோசுவா குடும்பம்."

"யோசுவா கேறுதேய்ய்!"

பனையடியிலிருந்து வந்தது கூப்பாடு. பக்கா பாதியில் நின்றது. அரிசி மண்ணில் சிந்தியது. கிருஷ்ணன்குட்டி சுருட்டைக் கீழே போட்டார். வளவுகளில் ஓலை மறைப்புகள் படபடவென்று சாத்தப்பட்டன. புஷ்பபாய் நீட்டிய கடவத்தை மெல்லத் தன் வயிற்றோடு இழுத்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, பெட்டிதான் எனக்கது," என்றான் யோசுவா. "செத்தது களியக்காவிளைத் தங்கப்பனாக்கும். எரவல் வாங்கினதத் திருப்பித் தர வந்த வழியில."

வரிசையின் கடைசியில் விமலகுமாரியின் கை நெற்றிக்குப் போனது.

யோசுவா முருக்குத்தடியில் கால் வைத்தான். வைத்த காலை எடுத்தான். எதிர்ப்பனையைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சு புடைக்க இன்னொரு கூப்பாடு போட்டான்: "தங்கப்பன் கேறுதேய்ய்!" பிறகு, முன்னால் ஏறவேண்டிய ஆளுக்கு வழிவிடுகிறவனைப் போல ஓரடி தள்ளி நின்றான்.