சபை வண்டியின் பெல்ட்

ஜெபராஜ் அண்ணன் சபை வண்டிக்குப் போலி பெல்ட் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் நின்று சபைச் செயலாளர் சொன்னார். அது பொய். ஜெபராஜ் அண்ணன் கோட்டாற்றில் என் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டே நான் அங்கே வேலைச் சீட்டு எழுதுகிறேன். இந்தத் தொழிலில் எது உடைந்தாலும் கடைசியாகத் தொட்டவன்தான் குற்றவாளி; பழைய வண்டி வைத்து அவதிப்படும் நீங்களும் ஒருமுறையாவது அந்தத் தீர்ப்பை எழுதியிருப்பீர்கள்.

தேங்காயெண்ணெய்

புதுக்கடைப் பக்கத்துச் சபை அது. அதன் பழைய காரை ஸ்டார்ட் செய்தாலே என்ஜின் பெல்ட் கீச்சென்று கத்தும். டிரைவர் தாசையன் அதில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு பெல்ட் வழுக்கி முன்னைவிட மோசமாகக் கத்தியதும் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று உராய்வு விசைவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் செரி மக்கா. ஆனா நான் போட்டது தலைக்குத் தேய்க்க நல்ல எண்ணெயாக்கும்.”

தீர்மானம்

பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர். ஜெபராஜ் அண்ணன் அதன் உருளையைக் கையால் அசைத்தார், ஆடியது. பேரிங் போயிருந்தது. இதை விட்டுவைத்தால் புது பெல்ட்டையும் கோணலாக இழுத்து ஓரத்தைத் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்து மாற்றணும் என்று செயலாளருக்குப் போனில் சொன்னார்.

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபைக் கமிட்டியில் பெல்ட் மாற்ற மட்டுமே தீர்மானம் ஆகியிருந்தது. டென்ஷனருக்கு அடுத்த மாதம் மறுபடி கூடணும். அதுவரை வண்டி நிற்கவும் கூடாது. அதனால் புது பெல்ட்டை மட்டும் போட்டோம். ‘டென்ஷனர் தேய்மானம். மாற்றச் சொன்னோம். வேண்டாம் என்றார்கள்’ என்று சீட்டில் எழுதினேன். தாசையன் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். போனில் செயலாளர் சொன்னது இவ்வளவுதான்: “தீர்மானத்துல இல்லாத சாதனத்த நான் எப்பிடி மாத்தச் சொல்லுவேன்?”

மதில்

மூன்றாவது வாரம், மணவாளக்குறிச்சியில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போகும் வழியில் பெல்ட் கழன்றது. பவர் ஸ்டீயரிங்கும் அந்த பெல்ட்டில்தான் ஓடும்; அது இறுகி, வளைவில் திரும்பாமல் வண்டி ஒரு மதிலில் உரசி நின்றது. உள்ளே போதகரும் அவர் மனைவியும். காயமில்லை. ஆனால் அங்கே ஒரு குடும்பம் சவப்பெட்டியை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தது.

அந்த ஞாயிறுதான் முற்றத்துப் பேச்சு. ஜெபராஜ் அண்ணனும் அதே சபைதான். மனைவி, மகளோடு நின்று கேட்டார். மகள் இனி சண்டே ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். மறுநாள் வேலைக்கு வந்தவரிடம், சீட்டைக் காட்டுவோம், வாங்க அண்ணே என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “வேண்டாம் ஏட்டி. ஆண்டவருக்குத் தெரியும், அது போரும்” என்றார்.

முற்றம்

எனக்குப் போதவில்லை. ஆண்டவர் கமிட்டியில் உறுப்பினர் இல்லையே. சீட்டையும், மறுபடி எங்களிடம் வந்த வண்டியிலிருந்து கழற்றிய டென்ஷனரையும், ஓரம் மட்டும் நைந்து நடுவில் பழுதே இல்லாத பெல்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன்.

“வீட்டுக்கு வா பிள்ளே, இருந்து பேசுவோம்” என்றார் செயலாளர்.

“முற்றத்துல சொன்னத முற்றத்துலயே பேசலாம் சார்.”

டென்ஷனரை அவர் கையில் கொடுத்தேன். உருளையை அசைத்துப் பார்த்தார். சீட்டை இரண்டு தரம் வாசித்தார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பெல்ட் நல்ல பெல்ட்தான். டென்ஷனர் வேண்டாம்னு சொன்னது நான். ஆனா ஜெபராஜும் அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்.”