அக்கா திறந்த பெட்டி

அண்டசராசரத்திலேயே அதிகம் குளிர்ந்த பெட்டியை ஆள்பவள் என் அக்கா. விண்வெளியே அவளிடம் போர்வை கேட்டு வரும். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வகத்தை விடாத அவள், அந்தப் பெட்டிக்குள் நகத்தளவு மின்னணுச் சில்லு ஒன்றை வைத்து, அதன் குவாண்டம் நிலை எவ்வளவு நேரம் கலையாமல் நிற்கிறது என்று அளக்கிறாள்.

போன மாதம் ஒரு சில்லு அவள் கனவிலும் காணாத நேரம் கலையாமல் நின்றது. கிராஃபை அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டினாள். இன்னும் ஒரு வாரம் அளந்தால் கட்டுரை தயார். ஆனால் ஏதோ கம்பி தளர்ந்திருக்குமோ என்று மனசு கேட்காமல் பெட்டியைச் சூடாக்கித் திறந்தாள். கம்பியில் ஒரு குறையும் இல்லை. மறுபடி குளிர்ந்தபோது சில்லு பழைய நேரத்தில் பாதிகூட நிற்கவில்லை.

"கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிராஃபைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் அவளைச் சிரிக்கவைக்க வீட்டு ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டினேன்: "திறந்தால் கெட்டுப்போவேன். இப்படிக்கு, பால்."

அக்கா சிரிக்கவில்லை. தீர்ந்துபோன டேப் உருளையைக் கையில் எடுத்தாள்.

"ஒரு சீட்டு ஒட்டவா முழு டேப்பும்? அந்த கிராஃபை ஒட்டி எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே, வாலு?"