ஹாரன் அடிக்காமல் வந்த வேகன்கள்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஆலையின் யார்டில் எஞ்சினைக் கழற்றி நிறுத்தியிருந்த நான்கு டாங்கர் வேகன்கள் தாமாக நகர ஆரம்பித்தன. நேரம் அப்பா சொல்லித் தெரியும். அவர் அந்த யார்டு ஆபீசில் குமாஸ்தா. வேகன்களுக்குள் அமிலம். பாதை சரிந்து இறங்கும் திசையில், செம்பூருக்கும் டிராம்பேக்கும் நடுவே, எங்கள் வீடு.

வீடு என்றால் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கூரை வரிசையில் ஓர் அறை. காலையில் போய் மாலையில் திரும்பும் சரக்கு வண்டிக்காகப் போட்ட பாதை அது. மீதி நேரமெல்லாம் எங்களுடையது. அதில் துணி காய்ந்தது, சீட்டாட்டம் நடந்தது, கிரிக்கெட் நடந்தது. கோடை விடுமுறையில் அம்மா தண்டவாளத்தின் நடுவே அப்பாவின் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் ஊற்றுவாள். ஜல்லிச் சூட்டில் ஒரே நாளில் காய்ந்துவிடுமாம். திருநெல்வேலி வெயிலுக்குக்கூட அந்தச் சாமர்த்தியம் இல்லையாம்.

பயம் கிடையாது. வளைவு திரும்புமுன் எஞ்சின் நீளமாக ஹாரன் அடிக்கும். சத்தம் கேட்டதும் எங்கள் கால்கள் தாமே எழுந்து ஒதுங்கும். ஹாரன் இல்லையென்றால் வண்டி இல்லை. எஞ்சின் இல்லாமலும் வண்டி வரலாம் என்று எங்கள் வரிசையில் யாரும் யோசித்ததில்லை.

ஆபீசில் யோசித்து வைத்திருந்தார்கள். வேகன் உருண்டால் அடுத்த ரயில்வே கேட்டுக்குச் சொல்ல வேண்டும், அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். தீயணைப்புக்கோ போலீசுக்கோ அதிகாரி உத்தரவில்லாமல் வாய் திறக்கக் கூடாது. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அப்பா கேட்டுக்குச் சொல்லிவிட்டு, வெளியே பேச முடிகிற ஒரே ஃபோனை எடுத்து எங்கள் சந்தின் மளிகைக்கடைச் சேட்டை அழைத்தார்.

சேட்டுக்கு ஒரு பழக்கம். எதிர்முனை பேச ஆரம்பிப்பதற்குள் "ருக்கோ, புலாத்தா ஹூம்", இரு கூப்பிடுகிறேன், என்று ரிசீவரைச் சர்க்கரை மூட்டைமேல் கிடத்திவிட்டு, கடை வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அன்றும் அப்படித்தான்.

அம்மாவுக்கும் ஒரு பழக்கம். ஃபோன் பேசப் போவது அவளுக்குக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. முகம் கழுவினாள், சேலை மாற்றினாள், பொட்டை நேராக்கினாள். என் கையைப் பிடித்துக் கிளம்பும்போது மூன்று வயதுத் தம்பியிடம் குச்சியைக் கொடுத்து, காக்கா வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தண்டவாளத்தின் நடுவில் அவன் குச்சியை உயர்த்திக்கொண்டு ராஜா மாதிரி நின்றான்.

அப்பாவின் குரல் ரிசீவருக்கு வெளியிலேயே கேட்டது.

"ஏளா, பிள்ளைங்க எங்க?"

"இவ இங்கதான் நிக்கா. சின்னவன் வத்தலுக்குக் காவல் இருக்கான். என்னங்க, இந்நேரத்துல?"

அடுத்து அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மா ரிசீவரை விட்டுவிட்டு, மாற்றிக் கட்டிய சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, வண்டி வருது என்று கத்தியபடி ஓடினாள். சேட்டும் அதையே இந்தியில் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. ஃபோனை அதுவரை என்னைத் தொட விட்டதில்லை.

"அப்பா, அம்மா ஓடுதா. செருப்புகூடப் போடல."

"ஏட்டி, தம்பி தெரியுதானா?"

கடையிலிருந்து தண்டவாளம் தெரியாது என்றேன். பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கிடைத்த ஃபோனை வீணாக்கவும் மனமில்லை. சேட் கடையில் புது பிஸ்கட் வந்திருப்பதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்ததும் மூடி போட்ட வாட்டர் பாட்டில் வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் அப்பா சரி என்றார். "போன வச்சிராதட்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

தராசுத் தட்டுகள் கிணுகிணுத்தன. தரை அதிர்ந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்தாள். அவன் கையில் அதே குச்சி, வாயில் ஒரு வற்றல்.

"தம்பி வந்துட்டாம்பா. வத்தல் திங்கான்" என்றேன்.

அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது என்று நானே ரிசீவரை வைத்தேன்.

வேகன்கள் கேட்டைத் தாண்டி, அடுத்த குடிசை வரிசை வழியாக ஓடி, மேடேறும் இடத்தில் தாமாக நின்றன. அங்கே தண்டவாளத்தில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் அந்நேரம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஸ்டம்புகள் மட்டும் நொறுங்கின. கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

இன்று என் மகள் ஹார்பர் லைன் ரயிலில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. சமீபத்தில் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். ரயில் கட்டுப்பாடின்றி ஓடினால் அந்த நிமிடமே தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் ரயில் கம்பெனி சொல்லியே ஆக வேண்டும் என்று வெளிநாட்டில் எங்கோ சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "செய்திக்கெல்லாமா டென்ஷன் ஆவே?" என்று மகள் சிரித்தாள்.

வேகன்கள் உருண்ட அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் வரிசையே கூடிவிட்டது. சேட் தன் கையால் டீ கொடுத்தார். அப்பா தம்பியைக் கீழே இறக்கவே இல்லை. அப்போதுதான் தீயணைப்பு வண்டி வந்தது. அடுத்த வரிசையிலிருந்து யாரோ நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிய அதிகாரி தாராவித் தமிழர். யார் முதலில் தகவல் சொன்னது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு அப்பாவைக் காட்டினேன். பாராட்டப் போகிறார் என்று அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் மெதுவாகத்தான் சொன்னார்:

"ஒரு வீட்டுக்கு மட்டுமாண்ணே சொன்னீங்க? எங்களுக்கு ஒரு போன் அடிச்சிருந்தா லைன் பூரா ஆளுங்கள அப்புறப்படுத்தியிருப்போமே."

அப்பா தன் விரலை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பதில் செங்கல்லை அடுக்கி மறுபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கப்பா, நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.