விடியலில் எழும்பாத கொட்டாஞ்சேனைக் கார்

“…அதுதான் மச்சான், கார் என்னைப் போகாதை எண்டு சொல்லுது. வெளிக்கிட்டு நிக்கேக்க வாகனம் மறிச்சால் அதை மீறிப் போகக்கூடாது. எங்கட ஐயாவும் அப்பிடித்தான் சொல்லுறவர்.”

என் சினேகிதர் இரத்தினம் தன் தகப்பனின் பேச்சை இழுத்து இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருடைய மனைவி ஜெயந்தி தொலைபேசியை வாங்கிவிட்டாள்.

“அண்ணை, கிழமைக்கு மூண்டு நாள் பொரளை ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குப் போக வேணும். போன கிழமை ரெண்டு தரம் கார் ஸ்டார்ட் வரேல்லை. ஓட்டோ பிடிக்கிறன் எண்டால் சகுனப்பிழையாம். சாரத்தைக் கட்டிக்கொண்டு படுத்திட்டார். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. இன்னும் ஒருக்கா விட்டால் நெஞ்சுக்குள்ள தண்ணி ஏறும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நாளைக்குப் போற நாள்.”

நான் மெக்கானிக் இல்லை. சொந்தப் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டி, பிழைவிட்டுப் பழகியவன். இரண்டு கராஜில் காட்டியும் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். இதில் புதினம் ஒன்றுமில்லை. எப்படியோ எழுப்பி கராஜுக்கு ஓட்டிப் போகும்போதே எஞ்சின் சூடாகிவிடும். சூடான எஞ்சின் சொல்வழி கேட்கும். கொழும்பில் எங்கே குளிர் என்று நீங்கள் சிரிக்கலாம். இரவு முழுக்க நின்ற எஞ்சினுக்கு அந்த விடியலே குளிர்தான். அதன் வருத்தத்தை அறிய வேண்டுமானால் அது படுத்திருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். “நான் வரும்வரைக்கும் சாவியைத் தொட வேண்டாம்” என்று ஜெயந்தியிடம் சொல்லிவைத்தேன்.

அதிகாலை நாலே முக்காலுக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நூறாம் இலக்க பஸ் ஏறினேன். புறக்கோட்டைக்கு எட்டு கிலோமீற்றர் சொச்சம். காலி வீதியில் பாதிக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. பகலில் ஒரு மணித்தியாலம் தின்னும் தூரம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. காலிமுகத்திடலில் கடல் கறுப்பாகக் கிடந்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போலத் தெரிந்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பை, கையில் எக்ஸ்ரே உறை.

புறக்கோட்டையில் முச்சக்கர வண்டி, கொட்டாஞ்சேனைக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். என் கையிலிருந்த குறட்டையும் திருப்புளியையும் பார்த்தார்.

“வெள்ளனயே எங்க சேர், வேலைக்கா?”

“சினேகிதரின் பழைய கார் ஸ்டார்ட் வருதில்லை.”

“பழைய வாகனம் வச்சிக்கிறவங்களுக்கு அக்கம்பக்கம் நல்லா இரிக்கோணும் சேர். டயர் இல்லாட்டியும் பரவால்ல. தள்ள ஆள் வேணும்.”

செட்டியார் தெருவில் கோயில் வாசலில் பூக்கடை திறந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி மேட்டில் ஏறும்போது அவர் சொன்னதை மனதுக்குள் எழுதி வைத்தேன். அது எவ்வளவு சரி என்று ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

ஐந்தரை மணி. இரத்தினத்தின் வீடு சரிவான ஒழுங்கையின், அந்த ஒடுங்கிய தெருவின், அடிப்பக்கம். முப்பது வயது தாண்டிய ஜப்பான் கார் மதிலோடு ஒட்டி, பனி பூத்து நின்றது. ஜெயந்தி சேலை உடுத்து, ஆஸ்பத்திரிப் பையோடு வாசலில். இரத்தினம் சாரத்தோடு பிளாஸ்டிக் கதிரையில். முகம் ஊதியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு சிறுநீரகம் பழுதாகும்வரை அவர்தான் ஓட்டினார். ஒழுங்கை மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டு கியரில் போட்டு எழுப்புவார். இப்போது ஓட்டுவது ஜெயந்தி. அவளுக்கு உருட்டி எடுக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெடியள் இருவர் தள்ளிக் கொடுத்தார்கள். போன கிழமை அவர்கள் வேலைக்குக் கட்டாருக்குப் போய்விட்டார்கள்.

“தேத்தண்ணி குடி மச்சான். கார் விசயம் விடு,” என்றார் இரத்தினம். “ஐயா சும்மா சொல்லேல்லை.”

“ஐயா கார் வச்சிருந்தவரோ?” என்று கேட்டாள் ஜெயந்தி.

“மாட்டு வண்டில்.”

“மாடு மறிச்சால் சரி. மாட்டுக்கு மூளை இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பாராமல் ஒழுங்கையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கார் வராதது அவருக்குக் கவலையாக இல்லை, ஆறுதலாக இருந்தது.

ஜெயந்தியை ஏறிச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் விறுவிறென்று சுற்றியது, பற்றவில்லை. சுற்றுகிற வேகம் குறையாததால் பற்றரி நல்லது. புகைக்குழாயில் மூக்கை வைத்தேன். பெற்றோல் மணம் இல்லை. மணந்திருந்தால் குறை தீப்பொறியில் என்று பிளக்கைக் கழற்றியிருப்பேன். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் பக்கத்துக் கண்ணாடியில் டோர்ச் அடித்தால் பெற்றோல் சரியான மட்டத்தில் நிற்கிறது. பெற்றோல் வாசல்வரை வந்திருக்கிறது, உள்ளே போதாமல் போகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது சோக்கின் வேலை.

“சோக்கை இழு தங்கச்சி.”

“முழுக்க இழுத்துத்தான் இருக்கு அண்ணை.”

காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தேன். மூடியிருக்க வேண்டிய சோக் தகடு அகலத் திறந்து கிடந்தது. கேபிளின் நுனி கொழுவியிருந்த இடத்தை விட்டு வெறுமனே தொங்கியது. தகட்டைத் திறந்தபடியே இழுத்து, நீலப் பிளாஸ்டிக் சுற்றிய கம்பியால் யாரோ மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

ஜெயந்தி குனிந்து பார்த்தாள். “இது என்ர உடுப்புக்கொடிக் கம்பியெல்லோ.”

பிறகு கதிரையிலிருந்து குரல் வந்தது.

“நான்தான் கட்டினனான்.”

“எப்ப?”

“பெற்றோல் வரிசைக் காலம். சோக் பெற்றோலைக் குடிக்கும், கட்டிவிடு எண்டு வரிசையில நிண்ட ஒருத்தன் சொன்னவன். அவன் தன்ர காரைத் திறந்தும் காட்டினவன். கன பேர் கட்டினவை, மச்சான்.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “பிறகு உருட்டித்தானே எடுத்தனான். சோக் தேவைப்படேல்லை. மறந்தே போச்சு.”

நாட்டில் தட்டுப்பாடு வந்து, லீற்றர் கணக்கில் அளந்துதான் பெற்றோல் கிடைத்த அந்த நாட்களில், நாள்கணக்காக வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த வைத்தியங்கள் எத்தனையோ. வரிசை முடிந்துவிட்டது. கட்டுகளை அவிழ்க்கும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

குறட்டால் கம்பியை வெட்டினேன். கேபிளைக் கொழுவி இறுக்கினேன். ஜெயந்தி சோக்கை இழுத்ததும் தகடு கண் மூடுவதுபோல் மூடியது. முதல் திருப்பலில் எஞ்சின் இருமியது. இரண்டாவதில் பற்றி, சத்தமாக, மிக வேகமாகச் சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. ஆறு மணிகூட ஆகவில்லை; பொரளைக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

“கேட்டுதே?” என்றாள் ஜெயந்தி, அவர் பக்கம் திரும்பாமல். “மறிக்கேல்லை. வரச் சொல்லுது.”

இந்த இடத்தில் பொருத்தமான பழமொழி எனக்கு நாலைந்து தெரியும். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. எஞ்சின் மட்டும் மூச்சு முட்டுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. எஞ்சின் பற்றிச் சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ள வேண்டுமென்று ஜெயந்திக்குத் தெரியவில்லை. நான் கதவருகே போகப் புறப்பட்டேன்.

அதற்குள் இரத்தினம் கதிரைக் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். சாரத்தை மாற்றவில்லை. வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வந்து, முன் கதவைத் திறந்து, மனைவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். பிறகு கையை நீட்டி, சோக்கை அரைவாசிக்குத் தள்ளி, பொறுத்து, மிச்சத்தையும் மெல்ல உள்ளே தள்ளினார்.