பழுது பார்க்காத நான்கு நாள்

அத்தானை வேலையிடத்தில் கன்னம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் முதலில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உலோகம் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் சும்மா இருக்கும்; கண்ணை ஏமாற்றுகிற பெயின்ட் கன்னத்தை ஏமாற்றாது என்பது அவர் கட்சி. அக்காவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, தண்ணீர் கொடுத்த வெள்ளி டம்ளரைக் கன்னத்தில் வைத்துவிட்டு, மெல்லக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அம்மா அந்த டம்ளரை யார் முன்னாலும் எடுத்ததில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். அதே கம்பெனியில் நான் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். இருவருமே வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். வேலை போனால் அறையும் போகும் என்பதால் கம்பெனிக் காகிதம் எதையும் நான் மூன்று முறை படித்த பிறகுதான் கீழே வைப்பேன். அத்தானுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

ஒருநாள் மெக்கானிக்குகள் பதினெட்டுப் பேருக்கும் கம்பெனி புது டார்ச் கொடுத்தது. மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘விமானத்தர அலுமினியம். தண்ணீர் புகாது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாது.’ அத்தான் கன்னத்தில் வைத்தார்.

“விமானத்துல ஏறியிருக்கும்,” என்றாராம். “சரக்கா.”

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அரத்தால் சுரண்டினார். வெள்ளிப் பூச்சுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக். கண்ணாடி என்று போட்டிருந்ததில் அக்காவின் ஊக்கால் ஒரு கோடு இழுத்தார்; விழுந்தது. பக்கெட்டில் அமுக்கினார், பத்து எண்ணுவதற்குள் குமிழி விட்டது. பின்மூடியைக் கழற்றியபோது ஓர் இரும்புக் கட்டி வந்து விழுந்தது. எந்தக் கம்பியோடும் அதற்குச் சம்பந்தமில்லை. கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும், அவ்வளவே அதன் உத்தியோகம்.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள், கழுத்து நீண்டதால் ஒட்டகம் என்று பேர் வாங்கிய அத்தானின் கூட்டாளி, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்திலிருந்து டார்ச் நழுவி மூன்று துண்டானது. கும்மிருட்டு. லிஃப்டை நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. தலைக்கு மேலே எதுவும் அசைகிறதா என்று காதைத் தீட்டியபடி, சுவரில் நெற்றியை வைத்து நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார். அழுத்தித்தான் இருந்தார். அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

டார்ச்சுகளைத் திரும்பப் பெற வேண்டுமென்று அத்தான் புகார் கொடுத்தார். அலுவலக மொழியில் எழுதியது நான். பதில் வர இரண்டு மாதம் ஆனது: குழு கூடும், புகார்தாரர் பொருளுடன் வர வேண்டும்.

அந்த இரண்டு மாதம்தான் வினை. ஒட்டகம் மறுபடியும் குழிக்குள் இறங்கியாக வேண்டும். எதை நம்பி இறங்குவார்? பழைய லிஃப்டுகளிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கைப்பிடிக் குழாய்கள் பட்டறையில் கிடந்தன. அசல் அலுமினியம். அத்தான் அதை வெட்டி, கடைசல் எந்திரத்தில் கடைந்து, திருகு மரை போட்டு ஒரு டார்ச் உடம்பு செய்தார். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் நிஜக் கண்ணாடி வில்லை வாங்கினார். ரப்பர் வளையம், புது ஸ்பிரிங், புது சுவிட்ச். இரும்புக் கட்டிக்கு ஓய்வு கொடுத்தார். முதலில் ஒட்டகத்துக்கு, பிறகு தனக்கு, பிறகு இன்னொருவன் பாவம் என்று அவனுக்கு. இரண்டு மாதத்தில் பதினெட்டும் முடிந்துவிட்டது. ஸ்டிக்கரில் கம்பெனி போட்ட நம்பர் இருந்ததால் அதை மட்டும் அக்காவின் ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பக்குவமாக உரித்துப் புது உடம்பில் ஒட்டினார். பழைய டார்ச்சில் மிச்சமிருந்தது அதுதான்.

குழு கூடிய நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் இது உறைக்கவே இல்லை. நான் கோப்பை எடுத்தேன், அவர் டார்ச்சை எடுத்தார், போனோம்.

கொள்முதல் மேலாளர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாங்கியது அவர். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. வாளித் தண்ணீரில் போட்டார். உள்ளே ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடிப் படிக்கட்டிலிருந்து போடச் சொன்னார். தரையில் ஓடு பெயர்ந்தது. டார்ச் எரிந்தது. அத்தானின் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்த்து நான் அவர் காலை மிதித்தேன். பலனில்லை.

“உள்ள ரெண்டு ரப்பர் வளையம் போட்டிருக்கேங்க,” என்றார். “அதான் தண்ணி போகல.”

தான் செய்தது என்று அத்தான் சொல்ல, ஸ்டிக்கரில் இருப்பது கம்பெனி நம்பர்தானே என்று மேலாளர் கேட்டார். அதேதான். மற்றவர்களுடையதையும் கொண்டுவரச் சொன்னார். பதினேழும் வந்தன. பதினேழும் தண்ணீருக்குள் எரிந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பதினெட்டு முறை வைத்துக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்தப் பதினெட்டையும் பார்த்து ஆசைப்பட்டு, இன்னொரு கிளை தங்கள் ஆட்களுக்கு இருநூறு கேட்டிருக்கிறதாம். திங்கட்கிழமை ஆர்டர் போகிறதாம்.

அத்தானுக்கு அப்போதுதான் வேர்த்தது. கெஞ்சினார். கடைசியில் மேலாளர் அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு டார்ச்சை எடுத்து நீட்டினார். புகாருக்கான பொருள் புகார்தாரர் வசம் இருக்க வேண்டுமென்பது விதி. கை வைக்காமல் திங்கட்கிழமை அப்படியே கொண்டுவரட்டும், பார்க்கலாம் என்றார். அன்று வியாழன்.

இருபத்தேழு வருஷத்தில் பழுதான ஒரு பொருளோடு அவர் ஒரே வீட்டில் சும்மா இருந்ததில்லை. அக்கா டார்ச்சைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஸ்க்ரூடிரைவர், குறடு, அரம் எல்லாவற்றையும் துண்டில் மூட்டை கட்டி என் அறைக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டில் அசையும்போது பெட்டிக்குள் ஏதோ கடகடவென்றது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, சும்மா சொன்னேன் என்றார். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மின்விசிறி, கேட், குழந்தையின் மூன்று சக்கர வண்டி மூன்றையும் வெறும் கையால் சரிசெய்துவிட்டு வந்தார். மாலையில் என் கதவைத் தட்டினார்.

“மச்சான், அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர மட்டும் குடேன். மூக்குக் கண்ணாடி லூசா இருக்கு.”

“நீங்க கண்ணாடியே போடறதில்லையே அத்தான்.”

யோசித்தார். “போடலாம்னு இருக்கேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அவரை எதிரே உட்கார வைத்தாள். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இத சரி பண்ணீங்கன்னா ஒருத்தனுக்கு வெளிச்சம். அங்க எரநூறு பேரு குழியில எறங்கறாங்க. ஒவ்வொருத்தர் பின்னாடியும் நீங்க குழாய் வெட்டிக்கிட்டு ஓடுவீங்களா?”

ஓடலாமா என்று அவர் ஒரு நிமிடம் நிஜமாகவே கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை டார்ச்சை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அத்தான் இரண்டு கைகளையும் பேண்ட் பைகளுக்குள் திணித்துக்கொண்டு பின்னால் வந்தார். மேலாளர் வாங்கி சுவிட்சை அழுத்தினார். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினார். எரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்காமல் அதை அத்தானிடம் நீட்டினார்.

“என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

அத்தான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்தார். விரல்கள் அங்கேயும் அசைந்துகொண்டிருந்தன.

“பாக்க மாட்டேங்க.”

“எப்பவும் நீங்கதானே பாப்பீங்க?”

“அதனாலதாங்க மாட்டேன்.”

சரிசெய்யக்கூடிய ஒரே ஆள் சரிசெய்யாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேலாளரே பின்மூடியைத் திருகினார். இரும்புக் கட்டி மேசையில் விழுந்து உருண்டது. இது எதற்கு என்று கேட்டார். கனத்துக்கு என்று அத்தான் சொன்னார். மேலாளர் தன் நகத்தால் டார்ச்சின் உடம்பைச் சுரண்டினார், நகக்கண்ணில் வெள்ளிப் பூச்சு ஏறியது. அதற்கப்புறம் காந்தமும் வேண்டியிருக்கவில்லை, வாளியும் வேண்டியிருக்கவில்லை.

இருநூறுக்கான ஆர்டர் நின்றது. ஆனால் ஆணை எழுதியவர்கள் முழுசாகவே எழுதிவிட்டார்கள்: இந்த ஸ்டிக்கர் ஒட்டிய டார்ச்சுகள் அனைத்தையும் திரும்பப் பெற்று அழிக்க வேண்டும். அனைத்திலும் அந்தப் பதினெட்டும் சேர்த்தி.

மறுநாள் ஸ்டோர் கீப்பர் அட்டைப்பெட்டியோடு மெக்கானிக்குகள் அறைக்கு வந்தார். அத்தான் மறுபேச்சில்லாமல் தன்னுடையதை எடுத்து நீட்டப் போனார்; கேட்டது கிடைத்தவர் முறையிட முடியுமா? ஒட்டகம் குறுக்கே வந்து நின்றார். குழியில் நின்ற நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

“உனக்கு நம்பர்தானே வேணும்?” என்று ஸ்டோர் கீப்பரைக் கேட்டார்.

ஆமாம், பதிவேட்டில் நம்பர்தான் இருக்கிறது என்றார் அவர். ஒட்டகம் தன் டார்ச்சின் ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தால் உரித்து, பெட்டிக்குள் போட்டார். மற்றவர்களும் வரிசையாக வந்து உரித்துப் போட்டார்கள். ஸ்டோர் கீப்பர் பதினெட்டு நம்பரையும் டிக் அடித்துக்கொண்டு, சரியாக இருக்கிறதென்று பெட்டியைத் தூக்கிப் போனார்.

அழிப்புச் சான்றிதழ் மொழிபெயர்க்க என்னிடம்தான் வந்தது. ‘விமானத்தர அலுமினிய டார்ச், பதினெட்டு. முற்றிலும் அழிக்கப்பட்டன. மொத்த எடை: ஐந்து கிராம்.’ மூன்று முறை படித்தேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் கடைசி வரியில் பேனாவை நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“லேசான உலோகம்தான்,” என்று கையெழுத்துப் போட்டார்.