குலேந்திரன் அண்ணை உயர்த்திய கொடி

"எங்கடை குலேந்திரன் அண்ணை போயிட்டார்" என்று தொலைபேசியில் சொன்னவர், அவருடைய ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். காலையில் வெங்காயத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவே இல்லையாம். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். 'எங்கடை' என்ற சொல்லை அண்ணையைப் பற்றி அந்தச் செயலாளர் சொல்லி இரண்டு வருடமாகிறது. செத்த பிறகு சொல்ல அவருக்கு நா கூசவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டவரும் அவரே. "ஒருத்தற்றை மனமும் நோகாமல் எழுதுங்கோ ஐயா" என்றார். அண்ணையின் மனம் நொந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஆகவே எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்தப் பெருமையும் அதற்கு வேண்டாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குக் கிணற்றில் இறைத்து வெங்காயம் செய்த கமக்காரர் அவர். இளமையில் அதே ஊர்க் கழகத்துக்குப் பின்களத்தில் விளையாடினார். முழங்கால் போன பிறகு உதவி நடுவரானார். அச்சுவேலியிலிருந்து நான் புதிதாக நடுவர் வேலைக்குப் போன காலத்தில், எல்லைக்கோட்டில் கொடியோடு ஓடியவர் அவர்தான். ஓர் ஆட்டத்தில் அவர் உயர்த்திய கொடியை நான் கவனிக்கவில்லை. பந்து எங்கோ போய்விட்டது, சனம் கேலி செய்தது, மனிதர் கொடியை உயர்த்தியபடியே நின்றார். இடைவேளையில், "கையை இறக்கியிருக்கலாமே அண்ணை" என்றேன்.

"நீர் காணுமட்டும் இறக்கேலாது தம்பி. கண்டதைக் காட்டத்தானே என்னை இங்கை நிப்பாட்டியிருக்கு" என்றார். துளி கோபமும் இல்லை அந்தக் குரலில்.

பிறகு அந்த இறுதியாட்டம் வந்தது. வடக்கின் தொழில்முறைக் கழகங்கள் மோதும் லீக்கில் அவருடைய ஊர் முதன்முறையாக இறுதிக்கு வந்திருந்தது. சொந்த ஊர் ஆடும் ஆட்டத்தில் நடுவராக நிற்பதில்லை என்பது எங்களுடைய வழக்கம். அன்று காலை, நிற்கவேண்டிய உதவி நடுவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். குலேந்திரன் அண்ணையைத்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவருடைய ஊர்க் கழகமே. தங்கள் ஆள் கொடி பிடித்தால் காரியம் சுலபம் என்று மனப்பால் குடித்தார்கள். எதிரணியும் சம்மதித்ததுதான் வேடிக்கை. "குலேந்திரன் அண்ணை எண்டால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் அவர்களுடைய பயிற்றுநர். இரண்டு பக்கமும் ஒரே மனிதரை நம்பியது. ஒரு பக்கம்தான் அவரை அறிந்திருந்தது.

"என்ரை ஊர்ப் பொடியள் விளையாடுறாங்கள். வழக்கத்தை உடைக்காதேங்கோ" என்று அவர் மறுத்தார். யாரும் கேட்கவில்லை. வேறு ஆளும் இல்லை. நின்றார்.

ஆட்டம் சமநிலையில் முடியும் தறுவாயில், ஊர்க் கழகம் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு எடுத்திருந்த முன்கள வீரன் பந்தை வலைக்குள் அடித்தான். ஊரே எழும்பி ஆடியது. வெடி கொளுத்தினார்கள். நடுவராக நின்ற நான் எல்லைக்கோட்டைப் பார்த்தேன். கொடி உயர்ந்து நின்றது. ஒப்சைட்: பந்து அவனுக்கு அடிக்கப்பட்டபோதே அவன் எதிரணியின் கடைசிப் பின்கள வீரனுக்கும் அப்பால் நின்றிருந்தான், கோல் செல்லாது. விசிலை ஊதினேன். அடித்தவன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தான்; தான் எங்கே நின்றான் என்று அவனுக்குத் தெரியும். பெனால்டி உதைகளில் ஊர் தோற்றது. போத்தல்களும் செருப்புகளும் அண்ணையின் மேல் வந்து விழுந்தன. "ஊரை வித்துப்போட்டான்" என்று கத்தியவர்களுள் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருந்தார்கள்.

எங்களைப் பொலிஸ் வாகனத்தில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். "கொஞ்சமாவது சந்தேகம் இருந்ததோ அண்ணை?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இருந்திருந்தால் சந்தோசமா விட்டிருப்பன் தம்பி. இருக்கேல்லையே" என்றார். கண் கலங்கியிருந்தது. எல்லாரையும் போல அவரும் அந்தக் கோப்பைக்கு ஆசைப்பட்டவர்தான்.

எனக்கு வேறு ஊர், நான் தப்பினேன். அவர் அந்த ஊருக்குள்ளேதான் இருக்கவேண்டியிருந்தது. கிணற்றில் அவருடைய இறைப்பு முறை வரும் நாளில் பங்காளி ஒருவரின் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "இண்டைக்கு உங்கடை முறையோ? ஒப்சைட் எண்டெல்லோ நினைச்சம்" என்று சிரிப்பார்கள். வெங்காயம் வாடியது. மகளின் கலியாணத்துக்கு ஊர் வரவில்லை. சமைத்த சோறு கிடாரத்தில் மிஞ்சியது. மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகும் என்று கழகம் ஆளனுப்பியது.

"என்னத்துக்கு மன்னிப்பு? கொடி தூக்கினதுக்கோ, கண் தெரிஞ்சதுக்கோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். ஆனால் மனிதர் உள்ளுக்குள் உடைந்து மெலிந்துபோனார். மாரடைப்பு என்று வைத்தியர் எழுதினார். அவர் அதைத்தான் எழுதலாம். நான் அந்த ஊரைத்தான் எழுதுவேன்.

செத்தவீட்டுப் படலை வாசலில் கழகத்தின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது. அண்ணையின் முகத்தைவிடக் கழகத்தின் சின்னம் பெரிது. உடலின் மேல் கழகக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். கழகத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கடை கழகத்தின்ரை தூண் சாய்ஞ்சிட்டுது. அண்ணையை நாங்கள் ஒருநாளும் கைவிடேல்லை" என்றார்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அண்ணையின் மனைவி பவானி அக்கா எழும்பி வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அண்ணையின் எல்லைக்கோட்டுக் கொடி இருந்தது. தலைவருக்கு நேர் எதிரே நின்று அதை உயர்த்தினார். "அக்காவும் தன்ரை துயரத்தை..." என்று தலைவர் சமாளிக்கப் பார்த்தார். கொடி இறங்கவில்லை. அந்தக் கொடி எதைச் சொல்கிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தலைவர் ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டுச் சனத்துக்குள் போய் மறைந்தார். அதன் பிறகே அக்கா கையை இறக்கினார். கழகக் கொடியை உடலிலிருந்து எடுத்து, மடித்து, செயலாளரின் கையில் கொடுத்தார். எல்லைக்கோட்டுக் கொடியை அண்ணையின் விரல்களுக்குள் வைத்தார்.

அண்ணை, நான் கண்டிட்டன். ஊரும் கண்டிட்டுது. இனிக் கையை இறக்கி ஆறுங்கோ.